முகவரிப் புத்தகத்தில் பெயர்கள் சரியாகத் தெரிய வேண்டுமானால்

ஒருவர் அழைக்கிறார், அவர் பெயரைப் பதிந்து வைத்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் திரையில் வெறும் எண்தான் தெரிகிறது. புதிய கைப்பேசிக்கு மாறிய அன்று, தமிழில் எழுதி வைத்த பெயர்கள் எல்லாம் விளங்காத குறிகளாகி நிற்கின்றன. ‘க. முருகன்’ என்று பதியப்பட்டவர் ‘முருகன், க.’ என்று தலைகீழாகிறார், அல்லது பட்டியலில் எங்கே போனார் என்றே தெரிவதில்லை. பார்ப்பதற்கு ஒரே தொல்லை போலத் தோன்றினாலும் இவற்றின் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்கான திருத்தம் மற்றொன்றுக்கு உதவாது என்பதோடு, சில வேளைகளில் கெடுதலும் செய்யும். ஆகவே பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கும் முன், கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் முகவரிப் புத்தகத்துக்கு ஒரு படி (நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் பெயர்களை வைத்திருப்பவர்கள் கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கூகுள் சிஎஸ்வி வடிவில் (காற்புள்ளியால் பத்திகள் பிரிக்கப்பட்ட அட்டவணை) ஒரு கோப்பும் வீகார்ட் வடிவில் (முகவரி அட்டைகளுக்கான வடிவம்) ஒரு கோப்பும் இறக்கிக்கொள்ளலாம். அதே தளத்தின் அமைப்புப் பட்டியலில் ‘அன்டூ சேஞ்சஸ்’ என்றொரு வசதி உண்டு. கடந்த 30 நாள்களுக்குள் முகவரிப் புத்தகம் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கு அது திருப்பிக் கொண்டுபோகும். ஆனால் கணக்கில் சேராமல் கைப்பேசியின் நினைவகத்திலோ சிம் அட்டையிலோ மட்டும் இருக்கும் பெயர்களை அது காப்பாற்றாது. அவற்றைக் கைப்பேசியின் தொடர்புகள் செயலியிலிருந்து தனியே ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

பெயர் எங்கே குடியிருக்கிறது?

ஒரே மனிதரின் பெயர் கூகுள் கணக்கில் ஒன்று, கைப்பேசி நினைவகத்தில் ஒன்று, பழைய சிம் அட்டையில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்க, கைப்பேசி அவற்றைச் சேர்த்து ஒரே அட்டையாகக் காட்டுவது வழக்கம். அப்போது நீங்கள் திருத்தியது ஒரு படியாகவும் திரையில் தெரிவது வேறொரு படியாகவும் இருந்துவிடலாம். ‘எத்தனை முறை மாற்றினாலும் பழைய பெயரே வருகிறது’ என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு பெயரைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தால், அது எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே குறித்திருக்கும். எல்லாப் படிகளையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து, மற்றவற்றை நீக்கிவிடுவதே நிலையான வழி.

இவற்றுள் சிம் அட்டைப் படியை முதலில் நீக்குங்கள். சிம்மில் ஒரு பெயருக்கென ஒதுக்கப்படும் இடம் மிகச் சிறியது. தமிழ் போன்ற எழுத்துகளில் ஒவ்வொரு குறிக்கும் அங்கே இரண்டு பைட்டுகள் (கணினி நினைவகத்தின் சிற்றலகுகள்) செலவாகும். ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கணக்கில் எட்டு எழுத்து; கணினியின் கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 15 குறிகள், ஆகவே 30 பைட்டுகள். பெயர் ‘கிருஷ்ண’ என்று பாதியில் நின்றுவிடுவது இப்படித்தான்.

பெயர் துண்டுகளாக வாழ்கிறது

திரையில் ஒரே வரியாகத் தெரியும் பெயர், உள்ளே பல துண்டுகளாகவே வைக்கப்பட்டிருக்கிறது. முகவரிகளைக் கருவிக்குக் கருவி கொண்டுசெல்லப் பயன்படும் வீகார்ட் வடிவத்தில் பெயருக்கு இரண்டு வரிகள் உண்டு: முழுப் பெயரை அப்படியே காட்டும் வரி ஒன்று, குடும்பப் பெயர் (கடைசிப் பெயர்), இடுபெயர் (முதல் பெயர்), இடைப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வரி இன்னொன்று. 1998இல் வந்த 3.0 பதிப்பில் இரண்டுமே கட்டாயம். 2011இல் ஆர்எஃப்சி 6350 என்ற ஆவணமாக வெளிவந்த 4.0 பதிப்பில் முழுப் பெயர் வரி மட்டும் கட்டாயம். ஒரு செயலி முழுப் பெயர் வரியைப் படித்துக் காட்டும்; இன்னொன்று துண்டுகளைத் தன் விருப்பப்படி அடுக்கிக் காட்டும். ஒன்றில் சரியாகத் தெரியும் பெயர் இன்னொன்றில் புரண்டு நிற்பதற்கு இதுவே அடிப்படை.

தமிழர் பெயர்கள் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுதான். நம்மில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தையின் பெயரோ தாயின் பெயரோ ஓரெழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. ஆனால் பெயரை ஒரே பெட்டியில் தட்டச்சு செய்தால், மென்பொருள் இடைவெளியைப் பார்த்துப் பிரித்து, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. ‘க. முருகன்’ என்று எழுதினால் ‘க.’ இடுபெயராகிறது, ‘முருகன்’ குடும்பப் பெயராகிறது. முதல் பெயர் வரிசையில் பார்த்தால், ‘க.’ என்ற தலைப்பெழுத்துள்ள முருகனும் மீனாட்சியும் செல்வமும் ஒன்றாகக் ‘க’வில் திரண்டு நிற்பார்கள். ‘முருகன் க.’ என்று எழுதினாலோ ‘க.’ குடும்பப் பெயராகி, கடைசிப் பெயரை முன்னால் காட்டும் கருவிகளில் ‘க., முருகன்’ என்று வந்து நிற்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, தலைப்பெழுத்தை முன்னொட்டுக்குரிய ‘பிரிஃபிக்ஸ்’ பெட்டியிலும் பெயரை ‘ஃபர்ஸ்ட் நேம்’ பெட்டியிலும் இட்டு, ‘லாஸ்ட் நேம்’ பெட்டியைக் காலியாக விடுவது. ஆண்ட்ராய்டு வரிசைப்படுத்தும்போது முன்னொட்டைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே பெயர் ‘க. முருகன்’ என்று நம் மரபுப்படியே தெரியும், பட்டியலிலும் ‘மு’வில் நிற்கும். இரண்டாவது, ‘முருகன் க.’ என்று முழுவதையும் முதல் பெயர்ப் பெட்டியிலேயே எழுதிவிடுவது. அழகில் முதல் வழியே சிறந்தது; ஆயினும் கைப்பேசி, கணினி, மின்னஞ்சல் செயலி எனப் பலவற்றுக்கு ஒரே புத்தகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் ஒரே பெட்டியில் இருக்கும் பெயரை எந்தக் கருவியின் அமைப்பாலும் முன்பின்னாகப் புரட்ட முடியாது. எதைத் தேர்ந்தாலும் புத்தகம் முழுவதிலும் அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்தால் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

தலைப்பெழுத்தை எந்த மொழியில் எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதி ‘கே. முருகன்’ என்று ஒரு முறையும், ‘க. முருகன்’ என்று இன்னொரு முறையும் பதிந்தால் கருவிக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள். தமிழில் பெயர் எழுதும்போது தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. முகவரிப் புத்தகத்துக்கும் அதுவே நல்ல விதி.

துண்டுகளைச் சரிசெய்த பிறகே கருவியின் அமைப்பைத் தொட வேண்டும். கூகுளின் தொடர்புகள் செயலியில் அமைப்புகளுக்குள் ‘சார்ட் பை’, ‘நேம் ஃபார்மட்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். முன்னது வரிசையையும் பின்னது தோற்றத்தையும் ஆளும். இரண்டையும் முதல் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் காண்டாக்ட்ஸ் பகுதியில் (ஐஓஎஸ் 18 முதல் ‘ஆப்ஸ்’ என்பதற்குள் சென்று காண்டாக்ட்ஸைத் திறக்க வேண்டும்) ‘சார்ட் ஆர்டர்’, ‘டிஸ்பிளே ஆர்டர்’ என்று இவையே இருக்கும். அங்கே ‘ஷார்ட் நேம்’ என்ற மூன்றாவதொன்றும் உண்டு. அதற்குள் ‘பிரிஃபர் நிக்நேம்ஸ்’ இயங்கிக்கொண்டிருந்தால், புனைபெயர்ப் பெட்டியில் எழுதியது இயற்பெயரை மறைத்துக்கொண்டு முன்னால் வரும். ‘சேலம் அத்தை’, ‘பெரியப்பா’ என்று உறவுமுறையைப் புனைபெயர்ப் பெட்டியில் இடும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் தாயாரின் புத்தகத்தில் உறவுமுறைகளே பெயர்களாக இருந்தன. அவற்றைப் புனைபெயர்ப் பெட்டிக்கு மாற்றி, இயற்பெயர்களைப் பெயர்ப் பெட்டியில் எழுதினேன். இப்போது ‘அத்தை’ என்று தேடினாலும் கிடைக்கிறது, பெயரைச் சொல்லித் தேடினாலும் கிடைக்கிறது.

மனிதரின் பெயருக்குப் பதில் கடையின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால், பெயர்ப் பெட்டி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் நிறுவனப் பெயரே முன்னுக்கு வரும். ஆப்பிள் மேக் கணினியின் காண்டாக்ட்ஸ் செயலியில் அட்டையைத் திருத்தும்போது ‘கம்பெனி’ என்ற பெட்டியில் குறி இடப்பட்டிருந்தாலும் இதுவே நடக்கும். குறியை எடுத்துவிட்டால் போதும்.

பெயர் இருக்கிறது, எண்தான் தெரிகிறது

இது பெயரின் பிழையன்று, எண்ணின் பிழை. வரும் எண்ணோடு சேமித்த எண் பொருந்தினால்தான் பெயர் திரைக்கு வரும். இந்தியாவுக்குள் பத்து இலக்கமாகவோ முன்னால் சுழியம் சேர்த்தோ பதிந்த எண்கள் உள்ளூரில் வேலை செய்தாலும், நீங்கள் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சென்று அந்நாட்டுச் சிம்மைப் போட்டதும் குழப்பம் தொடங்கும். நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணை, உங்கள் வாட்ஸ்அப் எண் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு எண்ணாகவே வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். எனவே எல்லா எண்களையும் முழு வடிவில் சேமியுங்கள். இந்திய எண்ணுக்கு +91, அதன்பின் பத்து இலக்கம், நடுவில் சுழியம் கூடாது. இலங்கைக் கைப்பேசி எண் உள்ளூரில் 07 என்று தொடங்கும். அந்தச் சுழியத்தை விட்டுவிட்டு +94க்குப் பின் மீதி ஒன்பது இலக்கத்தை எழுத வேண்டும். மலேசியாவின் +60க்கும் பிரிட்டனின் +44க்கும் முன்சுழியத்தை விடும் இதே விதி பொருந்தும். சிங்கப்பூர் எண்களுக்கு முன்சுழியமே இல்லை. +65க்குப் பின் எட்டு இலக்கம்.

வாட்ஸ்அப்பில் யாருடைய பெயருமே தெரியவில்லையென்றால், தொடர்புகளைப் படிக்கும் அனுமதி அந்தச் செயலிக்கு இருக்கிறதா என்று கைப்பேசியின் அமைப்பில் பாருங்கள். பெயருக்கு முன்னால் நெளிகோடு ஒன்று இருந்தால், அது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். உங்கள் புத்தகத்தில் அந்த எண் இல்லை அல்லது பொருந்தவில்லை என்று பொருள்.

எழுத்துகள் குலைந்திருந்தால்

இங்கே அவசரப்படாமல் குலைவின் தோற்றத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மீட்க முடியுமா முடியாதா என்பதைத் தோற்றமே சொல்லிவிடும்.

வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்பது மட்டுமே குறை. பெயர் உள்ளே நலமாக இருக்கிறது. ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவினால் கட்டங்கள் எழுத்துகளாகும். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், தமிழை அறியாத ஒரு செயலி எழுத்துகளைத் தூக்கியெறிந்துவிட்டு அவற்றின் இடத்தில் கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. அதைத் திருப்ப எந்த மாற்றியாலும் இயலாது. படி எடுத்து வைத்த கோப்புக்கோ பழைய கைப்பேசிக்கோ திரும்பிச் செல்ல வேண்டியதுதான்.

மேலே கோடுகளும் புள்ளிகளும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாக, அதிலும் ஒரே இணை மீண்டும் மீண்டும் வந்தால், அது நல்ல செய்தி. யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதற்கு இரண்டே வாய்ப்புகள். அதைப் பழைய மேற்கத்தியக் குறிமுறையாக ஒரு செயலி தவறாகப் படிக்கும்போது அந்த இணைதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மூலக் கோப்பு கெடவில்லை. குலைந்த நிலையில் சேமித்துவிடாமல், தவறாக இறக்கிய பெயர்களை நீக்கிவிட்டு, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

சமக்குறிகளும் அவற்றிடையே எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடந்தால், அது வீகார்ட் 2.1 கோப்பு சரியாக விரிக்கப்படாததன் அடையாளம். அந்தப் பழைய பதிப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை ‘குவோட்டட் பிரின்டபிள்’ என்ற முறையில் மாற்றி எழுதுவார்கள். ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து வீதம் செலவாகும். நாம் முன்பு பார்த்த ‘கிருஷ்ணமூர்த்தி’யின் 15 குறிகள் 45 பைட்டுகளாகி, 135 எழுத்துகளாக நீளும். அந்த முறையில் ஒரு வரிக்கு 76 எழுத்துகளே அளவு என்பதால் பெயர் இரண்டு வரிகளாக மடிக்கப்படும். மடிப்பை அறியாத செயலி முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். நீண்ட பெயர்கள் மட்டும் பாதியில் அறுந்திருந்தால் இதையே ஐயப்படுங்கள். அந்தக் கோப்பை முதலில் கூகுள் காண்டாக்ட்ஸ் தளத்தில் ஏற்றி, பெயர்கள் சரியாக விரிந்தனவா என்று பார்த்து, பிறகு அங்கிருந்து புதிய வீகார்டாக இறக்கிப் பயன்படுத்துவதே எளிது.

கோடு, புள்ளி எதுவுமின்றி, சாதாரண ஆங்கில எழுத்துகளே பொருளற்ற கோவையாக நின்றால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. சங்கங்கள், பழைய மாணவர் மன்றங்கள் ஆகியவற்றின் உறுப்பினர் பட்டியல்களில் இவை இன்றும் மிகுதி. இவற்றை யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறை) மாற்றிய பின்னரே முகவரிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், அதற்கு முன்பல்ல. காரணம் நுட்பமானது: பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையும் ‘இ’க்குக் காற்புள்ளி விசையும் பயன்படுகின்றன. வீகார்டில் அரைப்புள்ளி பெயரின் துண்டுகளைப் பிரிப்பது. சிஎஸ்வியில் காற்புள்ளி பத்திகளைப் பிரிப்பது. மாற்றாமல் ஏற்றினால் முருகனின் பெயர் கடைசிப் புள்ளியில் உடையும்; இளங்கோவின் பெயர் முதலெழுத்திலேயே உடைந்து, அவர் எண் வேறு பத்திக்கு நகர்ந்துவிடும்.

எக்செல் வழியாகத் திருத்துவோர்க்கு

நூற்றுக்கணக்கான பெயர்களைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி அட்டவணையில் திருத்துவது விரைவானது. ஆனால் கோப்பின் மேல் இருமுறை சொடுக்கித் திறப்பதுதான் பலருக்கும் வினையாக முடிகிறது. குறிமுறையை எக்செல் தவறாகக் கணித்தால் தமிழ் குலையும். தொலைபேசி எண்ணை அது கணக்கு எண்ணாகக் கருதி முன்சுழியத்தையும் கூட்டல் குறியையும் அகற்றும், நீண்ட எண்ணை அடுக்கு வடிவில் சுருக்கியும் காட்டும். அப்படியே சேமித்தால் எண்கள் போய்விடும். மாறாக, வெற்று அட்டவணையைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ என்பதைத் தேர்ந்து, கோப்பின் குறிமுறையாக ‘65001 யூடிஎஃப்-8’ என்பதைக் குறிப்பிட்டு, எண்கள் உள்ள பத்திகளை ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றிய பின் ஏற்றுங்கள். சேமிக்கும்போதும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். தலைப்பு வரியிலுள்ள பத்திப் பெயர்களை மாற்றாதீர்கள். கூகுள் அவற்றை வைத்தே எது பெயர், எது எண் என்று அறிகிறது.

அட்டவணையில் வரிசைப்படுத்தும்போது இன்னொன்றையும் காணலாம். நம் அகராதியில் ‘ம’ முன்னும் ‘ன’ பின்னும் வருவதால் கமலாவுக்குப் பிறகே கனகா வர வேண்டும். யூனிகோடின் குறியெண்ணிலோ ‘ன’ ‘ந’வை ஒட்டி முன்னால் இருக்கிறது, குறியெண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருள் கனகாவை முன்னே நிறுத்தும். இது பெயரில் உள்ள பிழையன்று. இதற்காக எழுத்தை மாற்ற முயலாதீர்கள்.

கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு வேறு

பெயர் திரையில் மிகச் சரியாகத் தெரிந்தும் தேடினால் அகப்படாமல் போவது உண்டு. ‘கௌசல்யா’ என்பதில் உள்ள ‘கௌ’வை ‘கெ’யும் ‘ள’வுமாகத் தட்டச்சு செய்வது மிகப் பரவலான பிழை, பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தேடும் செயலிக்கோ அது முற்றிலும் வேறு சொல். ‘ஸ்ரீதர்’, ‘ஜெயஸ்ரீ’ போன்ற பெயர்களிலும் இதே தொல்லை வேறு வழியில் வருகிறது. 2005இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து தனியே சேர்க்கப்பட்டது. அதன் பின் ஸ்ரீயை அந்த எழுத்தைக் கொண்டும் எழுதலாம், பழையபடி ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம் என்றாகிவிட்டது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. வேறொருவர் அனுப்பிய அட்டையைச் சேமித்து, உங்கள் விசைப்பலகையில் தேடும்போது கிடைக்காமல் போனால், அந்த எழுத்தை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே மீண்டும் எழுதிச் சேமியுங்கள். வேறு இடங்களிலிருந்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகள் ஒளிந்திருக்கும். அவற்றுக்கும் மறுபடி தட்டச்சு செய்வதே மருந்து.

மின்னஞ்சலில் பழைய பெயர்

புத்தகத்தில் திருத்திய பிறகும் மின்னஞ்சலில் பழைய பெயரே முளைத்தால், அது வேறொரு பட்டியலிலிருந்து வருகிறது. நீங்கள் அஞ்சல் அனுப்பியவர்களை ஜிமெயில் ‘அதர் காண்டாக்ட்ஸ்’ என்ற தனிப் பட்டியலில் தானே சேர்த்து வைக்கிறது. அங்கே தேடி நீக்குங்கள். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியில் ‘கலெக்டட் அட்ரஸஸ்’ என்பது அதே வேலையைச் செய்கிறது. அவுட்லுக்கில் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பரிந்துரைகள் தனி நினைவிலிருந்து வருபவை. தவறான பெயரின் அருகிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அது நீங்கும்.

எல்லாம் முடிந்து புதிய கைப்பேசிக்கு மாறும்போது, முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாக ஏற்றாமல் ஐந்து பெயர்களை மட்டும் ஒரு சிறு கோப்பாக ஏற்றிப் பாருங்கள்: தலைப்பெழுத்து உள்ளது ஒன்று, ஸ்ரீ வருவது ஒன்று, கௌ வருவது ஒன்று, கிருஷ்ணமூர்த்தியைப் போல நீண்டது ஒன்று, வெளிநாட்டு எண் கொண்டது ஒன்று. ஐந்தும் பட்டியலில் உரிய இடத்தில் நின்று, தேடினால் கிடைத்து, அழைப்பு வரும்போது பெயரோடு தெரிந்தால், மீதியை ஏற்றலாம். பழைய கைப்பேசியை அதுவரை அழிக்க வேண்டாம்.